மூன்றாம் மாடிக் கோட்டை

புதிதாக வந்து இறங்கும் ஆளிடம் பெயர் கேட்க மாட்டார் அவர். பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிறது, அதை வாசிக்க ஒரு குமாஸ்தா போதும் என்பார். அவர் கேட்பவை மூன்றே கேள்விகள். "எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு? குலசாமி எது?" மூன்றாவது பதில் வந்ததும் கண்களை மூடித் திறப்பார். திறக்கும்போது அந்த ஆளுக்கு அறை முடிவாகியிருக்கும்.

துபாய் சோனாப்பூரில் எங்கள் கட்டுமானக் கம்பெனியின் தொழிலாளர் குடியிருப்புக்கு அவர்தான் கேம்ப் பாஸ். கட்டில் ஒதுக்குவது, தண்ணீர், மின்சாரம், சமையற்கூடம், குப்பை, கழிவுநீர், சண்டை விலக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. நான் அல் குசைஸ் அலுவலகத்தில் நிர்வாக மேலாளர். விசா, மருத்துவப் பரிசோதனை, ஒப்பந்தம், ரத்து, ஊருக்கு அனுப்புதல் எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். உயிரோடு அனுப்ப ஒரு நடைமுறை, இல்லாமல் அனுப்ப இன்னொரு நடைமுறை. இரண்டுக்கும் என்னென்ன நகல் வேண்டும் என்று இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இப்போது ஓய்வு பெற்று, மகளின் விசாவில், அதே குசைஸில் இருக்கிறேன். வண்டிக்குச் செய்வதுபோல வருடாவருடம் என்னைப் புதுப்பிக்கிறார்கள்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பெயர் முக்கியமில்லை என்பது அவருடைய கொள்கை. நான் அதற்குக் கட்டுப்படுகிறேன்.

கும்பகோணம் பக்கத்துக்காரர். சரித்திரத்தில் முதுகலை. வெள்ளைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, ஆகஸ்ட் மாத வெயிலிலும் வேர்வையைத் துடைக்காமல் பேசுவார். எதைப் பற்றிப் பேசினாலும் மூன்றாவது வாக்கியத்தில் ஒரு பேரரசு வந்துவிடும். அறைக் கதவின் பூட்டு சரியில்லை என்று யாராவது போய்ச் சொன்னால், மௌரியர் காலத்தில் கதவுகளுக்கு என்ன ஏற்பாடு என்பதில் தொடங்குவார். பூட்டு அப்படியே இருக்கும். தொழிலாளர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'மௌரியர்'. "மௌரியர் வர்றாரு, செருப்ப உள்ள எடுடா" என்ற குரலை நானே கேட்டிருக்கிறேன்.

அவருடைய சரித்திரத்தில் ஒரே ஒரு பாடம்தான் இருந்தது. பழைய இந்தியா ஏன் உயர்ந்தது? எல்லாரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். ஏன் விழுந்தது? இடம் மாறினார்கள். சிந்துச் சமவெளி முதல் சோழர் வரை எந்த ஊர் எழுந்ததும் எந்த ஆட்சி கவிழ்ந்ததும் இந்தச் சாவிக்குத் திறந்துகொள்ளும்.

"சிந்துவெளி நகரத்தப் பாருங்க சார். மேற்கால மேட்டுல கோட்டை. கிழக்கால பள்ளத்துல ஊரு. ஏன் அப்படிக் கட்டினான்?"

"வெள்ளம் வந்திருக்கும்."

"அதில்ல சார். யார் மேல இருக்கணும், யார் கீழ இருக்கணும்னு அப்பவே வகுத்துட்டான்."

அந்த மேட்டில் இருந்தவர்கள் யார், அங்கே அரசன் என்று ஒருவன் இருந்தானா என்பதே ஆராய்ச்சியாளர்களுக்கு இன்னும் உறுதிப்படவில்லை. அவர்களுடைய எழுத்தை யாரும் இதுவரை வாசித்து நிரூபிக்கவில்லை. வாசிக்க முடியாத எழுத்திலிருந்து இவர் மட்டும் ஒரு சட்டப் புத்தகத்தையே வாசித்து வைத்திருந்தார்.

வாசித்ததோடு நிற்கவில்லை. அதை எங்கள் கேம்ப்பில் அமல்படுத்தினார். தரைத்தளமும் மேலே மூன்று மாடிகளும் கொண்ட கட்டடம் அது. மூன்றாம் மாடி கோட்டை. அவரும், மூன்று கேள்விகளுக்கும் நல்ல பதில் சொன்னவர்களும் அங்கே. நடுவில் நடுத்தரமான பதில்கள். தரைத்தளத்தில், கழிவுநீர்க் குழியை ஒட்டிய அறைகளில், பதில் சொல்லத் தயங்கியவர்கள். வங்காளிகளையும் நேபாளிகளையும் என்ன செய்வது என்று அவருடைய சரித்திரத்தில் இல்லாததால் அவர்களைக் கிடைத்த இடத்தில் போட்டார். கேம்ப்பில் நிம்மதியாக இருந்தவர்கள் அவர்கள்தான்.

துபாயில் ஒரு வாரம் இருந்தவனுக்கும் தெரியும், மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் மாடிதான் அடுப்பு. கூரைச் சூடு முழுவதும் அங்கேதான் இறங்கும். தண்ணீர்த் தொட்டி தலைக்கு மேலே கொதித்துக்கொண்டிருக்கும், குழாயைத் திறந்தால் தேநீர் போடலாம். ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்கும், குளிராது. கம்பெனி அவருக்கென்று முதல் மாடியில் நல்ல அறை ஒதுக்கியிருந்தது. அதை அவர் மறுத்துவிட்டார். "கோட்டை மேலதான் சார் இருக்கணும்" என்றார். அவரிடம் நான் கண்ட ஒரே தியாகம் அது.

என்னிடமும் அந்த மூன்று கேள்விகளைக் கேட்டார். சந்தித்த முதல் நாள்.

"சாருக்கு எந்த ஊரு?"

"மெட்ராஸ்."

"மெட்ராஸ்ல எங்க, எந்தத் தெரு?"

"அடிக்கடி வீடு மாறிட்டோம்."

"சரி. குலதெய்வம்?"

"விசாவுக்கு முத்திரை குத்துற கவுண்டர். வாரத்துக்கு ரெண்டு தரம் போய்க் கும்பிடுறேன்."

சிரித்தார். கண்களை மூடித் திறக்கவில்லை. எங்கள் அலுவலகத்துக்கு வந்துபோன அத்தனை வருடங்களில் என் மேசையில் வைத்த தண்ணீரை அவர் குடித்ததில்லை. ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் தொழுகை நேரம் முடிந்த பிறகு சாப்பாட்டுக் கூடத்தில் சொற்பொழிவு நடத்துவார். வர வேண்டும் என்று கட்டாயமில்லை. வராதவன் பெயர் மட்டும் அவருக்குத் தெரிந்துவிடும். மௌரியர் ஆட்சியில் ஒற்றர்கள் இருந்தார்களாம், ஆகவே அறைக்கு ஓர் ஆளைப் பேசி வைத்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை நான் கேம்ப் பரிசோதனைக்குப் போயிருந்தபோது சொற்பொழிவு சிந்துவெளியின் சாக்கடையைப் பற்றி. வீட்டுக்கு வீடு குளியலறை, சுட்ட செங்கல்லில் தெருவோடு ஓடும் வாய்க்கால், மேலே மூடிய பலகைக்கல். உலகத்தில் வேறெவனும் துணி கட்டப் பழகாத காலத்தில் நாம் சாக்கடை கட்டினோம் என்று சொல்லிக் கையை உயர்த்தினார். அதே நேரத்தில் கூடத்துக்குப் பின்னால் எங்கள் குழி நிரம்பி, கதவிடுக்கு வழியாக வாசனை உள்ளே வந்துகொண்டிருந்தது. முன் வரிசையில் இருந்தவர்கள் லுங்கி நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நாகரிகத்தைக் கேட்டார்கள்.

எங்கள் ஸ்டோர் கீப்பர் யாழ்ப்பாணத்துக்காரர், தேவராசா என்று பெயர். மெதுவாகப் பேசுவார். மெதுவாகவே கையைத் தூக்கினார்.

"ஐயா, ஒரு சின்னக் கேள்வி. உந்தக் கானுக்குள்ள இறங்கித் துப்புரவாக்கினது ஆர்?"

"எந்தக் கான்?"

"நீங்கள் இவ்வளவு நேரமும் சொன்ன சாக்கடைதான். கல்லைத் தூக்கி உள்ளுக்கு இறங்கினவன் ஒருத்தன் இருந்திருப்பான்தானே."

"அதுக்குன்னு ஆள் இருந்தாங்க."

"அது எங்க எழுதிக் கிடக்கு ஐயா?"

"எழுதணுமா? இதெல்லாம் பார்த்தாலே தெரியும்."

அடுத்த நாள் தேவராசாவின் கட்டில் இரண்டாம் மாடியிலிருந்து முதல் மாடிக்கு இறங்கியிருந்தது. 'அதுக்குன்னு ஆள் இருந்தாங்க' என்பதும் அன்றிலிருந்து கேம்ப்பில் ஒரு பழக்கச் சொல்லாகிவிட்டது. தேநீர் யார் போடுவது என்று கேட்டால்கூட, "அதுக்குன்னு ஆள் இருக்கு பாய்" என்று நேபாளிகளே சொல்லப் பழகிவிட்டார்கள்.

இனி பரமசிவனைப் பற்றி. சாரம் கட்டுகிற தொழிலாளி. இரும்புக் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு இருபது மாடி உயரத்தில் சொந்த வீட்டு வாசலில் நடப்பதுபோல நடப்பான். வந்த அன்று அவனிடமும் மூன்று கேள்விகள் கேட்கப்பட்டன. ஊர், அம்பாசமுத்திரம் பக்கம். தெரு, அம்மன் கோயில் தெரு. குலசாமி, சாஸ்தா. போதாததற்கு, மெஸ்ஸில் கோழியை ஒதுக்கிவிட்டு, "கவிச்சி எனக்குச் சேராது, வயித்தப் பெரட்டும்" என்று சொல்லியிருக்கிறான். மௌரியரின் கண்கள் மூடித் திறந்தன. மூன்றாம் மாடி.

திருநெல்வேலிப் பக்கம் பங்குனி உத்திரத்தன்று எல்லாச் சாதிக்காரர்களும் அவரவர் சாஸ்தா கோயிலுக்குப் போவார்கள் என்பதும், ஒரே சாஸ்தா வாசலில் பல சாதிகள் பொங்கல் வைக்கும் என்பதும் காவிரிக் கரைக்காரருக்குத் தெரியவில்லை. அம்மன் கோயில் தெரு இல்லாத ஊரோ காலனியோ கிடையாது என்பதும் தோன்றவில்லை. பரமசிவன் ஒரு சொல்கூடப் பொய் சொல்லவில்லை. பிறகொரு நாள் என்னிடம், "தெரு பேரு கேட்டாவ, சொன்னேன். கீழத்தெருவா மேலத்தெருவான்னு கேக்கலயே" என்றான்.

பரமசிவனுக்குச் சமையல் வரும். நன்றாகவே வரும். மூன்றாம் மாடியில், அறைக்குள் அடுப்பு வைக்கக் கூடாது என்ற விதியை மாட்டியிருந்த சுவருக்குக் கீழேயே, ஒரு அடுப்பு இருந்தது. கோட்டைக்கு விதிவிலக்கு உண்டாம். அதில் அவன் வைத்த சாம்பாரையும் ரசத்தையும் ஒரு வருடத்துக்கு மேல் மௌரியர் சாப்பிட்டார். உடம்பில் சதை பிடித்தது. ஒரு முறை என்னையும் வற்புறுத்தி உட்கார வைத்தார்.

"ரசத்த குடிச்சுப் பாருங்க சார். இது ஒரு தலைமுறையில வராது. இந்தக் கைமணம் ரத்தத்துல வரணும்."

நான் குடித்தேன். ரசம் பிரமாதம். ரத்தத்தைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை.

ஒரு மதியம் புதிய ஆட்களோடு பஸ் வந்தது. நான் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மேசையில் நான், அடுத்த மேசையில் அவர். ஆட்கள் வரிசையாக நின்றார்கள். அவர் மேலே போய்ச் சாப்பிட நேரமில்லாததால் பரமசிவன் அடுக்குப் பாத்திரத்தில் சாப்பாட்டைக் கீழே கொண்டு வந்து, தட்டில் சோறு வைத்துச் சாம்பார் ஊற்றிவிட்டு, தண்ணீர் எடுக்க உள்ளே போனான். அவர் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் ஆட்களை முன்னால் அழைத்தார்.

வரிசையில் ஒரு சின்ன வயதுக்காரன், மாடசாமி.

"எந்த ஊரு?"

"அம்பாசமுத்திரம் பக்கம் சார்."

"அட, நம்ம ஆளு ஊர்ப்பக்கமா? எந்தத் தெரு?"

"காலனி சார்."

அவர் முகம் மாறியது. மூன்றாவது கேள்வியை வழக்கத்துக்காகக் கேட்டார். "குலசாமி?"

"சாஸ்தா."

"உங்களுக்குமா சாஸ்தா?"

"எல்லாருக்குந்தான சார் சாஸ்தா?"

சிரித்துவிட்டு, "தரைத்தளம், கடைசி அறை" என்றார். ஒரு கவளத்தை உருட்டி எடுத்தார். அப்போது பரமசிவன் தண்ணீர்ச் சொம்போடு வெளியே வந்தான்.

"அத்தான்!"

மாடசாமி பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான். தண்ணீர் சிந்தியது. "அத்தான், நீரு இந்த கேம்ப்லயா இருக்கீரு? அக்கா முறுக்கு குடுத்து விட்டிருக்கா அத்தான். நொறுங்கிருக்கும்."

கவளம் தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

"அத்தானா?" என்றார் அவர்.

"ஆமா சார். எங்க அக்காவத்தான கெட்டியிருக்காவ."

கூடத்தில் இருந்த எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. பெஞ்சின் கோடியில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். அந்தக் கவளம் எங்கே போகிறது என்று நான் உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டின் ஓரத்தில் திரும்பிப் போய் உட்கார்ந்தது. எழுந்து போனார். கை கழுவினார். வாய் கொப்பளித்தார். வெகு நேரம் கொப்பளித்தார். ஒரு வருடத்து ரசத்தை எப்படிக் கொப்பளிக்க முடியும் என்று நான் யோசித்தேன்.

மறுநாள் மூன்றாம் மாடியின் பாத்திரங்கள் எல்லாம் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தன. குக்கர் நல்ல நிலையில் இருந்தது, ஒரு வங்காளி எடுத்துக்கொண்டார். புதிய பாத்திரங்கள் வந்தன. பரமசிவன் தரைத்தளக் கடைசி அறைக்கு, மாமியார் வீட்டு உறவுக்குப் பக்கத்துக் கட்டிலுக்கு மாற்றப்பட்டான். காரணமாக 'அறைச் சீரமைப்பு' என்று எழுதி அனுப்பியிருந்தார். அறையை மாற்ற அவருக்கு அதிகாரம் இருந்தது. நடைமுறைப்படி நான் கேள்வி கேட்க இடமில்லை. கேட்க இடம் கிடைக்கும் என்று காத்திருந்தேன். இந்த மாதிரி ஆட்கள் ஒரு படியோடு நிற்பதில்லை.

குழி மறுபடி நிரம்பியது. கழிவுநீர் லாரியோடு கம்பெனிக்கு வருட ஒப்பந்தம் இருந்தது. ஒரு போன் போட்டால் வந்து உறிஞ்சிக்கொண்டு போகும், அடைப்பு இருந்தால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழற்றிவிடும். ஆனால் ஒவ்வொரு போனும் எங்கள் அலுவலகத்தில் பதிவாகும். தன் கேம்ப்பில் பொற்காலம் நடக்கிறது என்று அவர் முதலாளிக்கு அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்த சமயம் அது. பொற்காலத்தில் சாக்கடை பொங்கக் கூடாது. ஆகவே போன் போடவில்லை. ஒரு வாளியும் கயிறும் எடுத்து வரச் சொன்னார். வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கிய பரமசிவனைக் கூப்பிட்டார். ஸ்டோரிலிருந்து கயிறு எடுத்து வந்தவர் தேவராசா. அங்கே பேசிய பேச்சை அவர்தான் எனக்கு வரி பிசகாமல் சொன்னார்.

"பரமசிவா, அடியில துணி அடைச்சிருக்கு. இறங்கி எடுத்து விடு."

"நான் சாரம் கட்டுத ஆளு சார். மேல ஏறச் சொல்லுங்க, எம்புட்டு ஒசரம்னாலும் ஏறுதேன். கீழ எறங்க மாட்டேன்."

"நீ இறங்காம வேற யாரு இறங்குவா? அதுக்குன்னு ஆள் இருக்குல்ல?"

பரமசிவன் குழியைக் கைகாட்டிச் சொன்னானாம்.

"எங்கப்பா எறங்கினாவ சார். ஏறல."

அதற்கு அவர் சொன்னது இது: "அப்ப டிக்கெட் போட்டுத் தர்றேன். ஃப்ளைட்ல ஏறு."

தேவராசா இதைச் சொல்லிவிட்டு, "சேர், நான் கயித்தைத் திருப்பி ஸ்டோருக்குள்ள வச்சிட்டுப் பூட்டிப்போட்டன். உது என்ர அதிகாரத்துக்கு மிஞ்சினதெண்டால் எழுதிக்கொள்ளுங்கோ" என்றார். நான் எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

மறுநாள் புகார் வந்தது. மேலதிகாரி சொல்லுக்குக் கீழ்ப்படியவில்லை, கேம்ப் ஒழுங்கைக் குலைக்கிறான், விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்ப வேண்டும். பரமசிவனுக்கு அந்த வேலை போனால் திரும்பிப் போவதற்கு ஊரில் என்ன இருந்தது என்று நான் விசாரித்துக்கொண்டேன். அவன் அப்பா பார்த்த வேலை இருந்தது. காலியாகவே வைத்திருந்தார்கள், அவன் வருவான் என்று.

அவர் புகாரோடு நேரிலும் வந்தார். வழக்கம்போலத் தண்ணீர் குடிக்கவில்லை.

"இன்னைக்கே கேன்சல் போட்டுடுங்க சார். இவன விட்டா மத்தவனும் கெடுவான்."

"போட்டுடலாம். விசாரணை வைக்கணும்."

"இதுக்கு எதுக்கு விசாரணை?"

"நடைமுறை."

"சரி, நீங்களும் நானும்தானே?"

"குழின்னு எழுதியிருக்கீங்களே. குழி வந்தா பாதுகாப்பு அதிகாரியும் உட்காரணும்."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. எங்கள் பாதுகாப்பு அதிகாரி ஹானி, எகிப்து நாட்டவர். பருமனான மனிதர், சர்க்கரை போட்ட தேநீரும் கோபமும் அவருடைய உணவு. ஆங்கிலத்தையும் அரபியையும் கொஞ்சம் இந்தியையும் ஒன்றாகப் பிசைந்து பேசுவார். மௌரியருக்கு ஆங்கிலம் தடுமாறும் என்பதால் விசாரணையில் நான் மொழிபெயர்ப்பாளன். பரமசிவன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு அதன் பட்டையைத் திருகிக்கொண்டே இருந்தான்.

"இந்த ஆள் பிளம்பரா?" என்றார் ஹானி.

"இல்லை."

"குழிக்குள் இறங்கப் பயிற்சி எடுத்தவனா?"

"இல்லை."

"உள்ளே என்ன வாயு என்று சோதித்தீர்களா? பெர்மிட் வாங்கினீர்களா? மேலே நின்று கயிறு பிடிக்க ஆள்?"

"இல்லை."

"எல்லாம் மாஃபி, ஒன்றுமே இல்லை. நல்லது. அந்த பஸ்ஸிலிருந்து ஒரு கூட்டமே இறங்கியது. அதில் இவனை ஏன் கூப்பிட்டீர்கள்?"

நான் மொழிபெயர்த்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு சிந்துவெளியில் தொடங்கினார். ஒரு நாகரிகம் எப்படி எழுகிறது, வேலை எப்படிப் பிரிகிறது, குயவன், தச்சன், காவலாளி, அவரவருக்கு வகுத்த தொழில், அதனால் வந்த ஒழுங்கு, அதன்மேல் எழுந்த பேரரசுகள். நான் ஒரு சொல்லையும் விடாமல் மொழிபெயர்த்தேன். என் பணிக்காலத்தில் இவ்வளவு நேர்மையாக நான் எதையும் செய்ததில்லை. ஹானி தேநீரைக் குடித்து முடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்தார்.

"ஹபீபி, எங்கள் ஊரிலும் ஐயாயிரம் வருடத்துச் சாமான் நிறையக் கிடக்கிறது. டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். நான் கேட்டது நேற்று முன்தினம் சாயங்காலத்தைப் பற்றி. இவனை ஏன்?"

அவர் என்னைப் பார்த்துத் தமிழில் தணிந்த குரலில் சொன்னார்.

"சார், நீங்க எடுத்துச் சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரியாது. மொழிபெயர்க்கத்தான் தெரியும். நீங்க வாயத் திறந்து சொல்லுங்க. அப்படியே சொல்றேன்."

"இதையெல்லாம் எப்படி சார் வேற நாட்டுக்காரன் முன்னாடி..."

"அவருக்கும் அதுதான் தெரியணுமாம்."

சொற்பொழிவாளர் கழுத்துப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார். பரமசிவன் தலைக்கவசப் பட்டையைத் திருகுவதை நிறுத்தியிருந்தான். தலையை நிமிர்த்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் அந்தப் பதிலுக்குத்தான் காத்திருந்தான்.

"காரணம் எதுவும் சொல்லவில்லை" என்று ஹானியிடம் மொழிபெயர்த்தேன்.

"கலாஸ், முடிந்தது. யல்லா, லாரியைக் கூப்பிடுங்கள்."

புகார் தள்ளுபடி. பரமசிவனின் விசா தொடர்ந்தது. கேம்ப் பாஸுக்கு எழுத்தில் எச்சரிக்கை. அவ்வளவுதான் கிடைத்தது, அதற்கு மேல் நடைமுறையில் இடமில்லை. மேலும் தண்டித்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன் என்பதை மறைக்கவில்லை. லாரி வந்தது. ஓட்டி வந்த பட்டாணியர் இருக்கையைவிட்டு இறங்கவே அலுத்துக்கொண்டார். உதவியாள் தடித்த குழாயைக் குழிக்குள் விட்டான், தண்ணீரைப் பீய்ச்சினான், அடைத்திருந்த பழைய துணி தானே மேலே வந்தது. யாரும் இறங்கவில்லை. அதுக்குன்னு ஒரு குழாய் இருந்தது.

அவர் திருந்தினாரா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த நல்ல எண்ணம் கொண்டவர்களுக்காகச் சொல்கிறேன்: இல்லை. அடுத்த பஸ் வந்தபோதும் அதே மூன்று கேள்விகள். ஒரே மாற்றம், நான்காவதாக ஒன்று சேர்ந்தது: "சொந்தக்காரங்க யாராச்சும் இங்க இருக்காங்களா?" ஆராய்ச்சி முறையைச் செம்மைப்படுத்திக்கொண்டார்.

மாறியது கோட்டைதான். புதிய பாத்திரத்தில் புதிய ஆள் வைத்த சாம்பார் வாயில் வைக்க முடியவில்லை. பரமசிவன் தரைத்தளத்துப் பொதுச் சமையற்கூடத்தில் மைத்துனனோடும் தேவராசாவோடும் சேர்ந்து சமைத்தான். தாளிக்கிற வாசனை மாடிப்படி வழியாக மேலே போகும். முதலில் ஒருவன் தட்டோடு இறங்கினான். பிறகு இரண்டு பேர். கொஞ்ச நாளில், நல்ல பதில் சொல்லி மேலே போனவர்கள் ஒவ்வொருவராகக் கட்டிலையும் கீழே மாற்றித் தரச் சொல்லி எனக்கு மனுப் போட்டார்கள். காரணம் என்று எழுதியது: 'வெயில்.' எல்லா மனுவையும் அனுமதித்தேன். அந்த ஆகஸ்ட் முழுவதும் கொதிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், விலை ஒட்டுத்தாள்கூட உரிக்காத பாத்திரங்களோடு, அவர் ஒருவர் மட்டும் மேட்டில் இருந்தார்.

பிறகு எல்லாரும் கலைந்தோம். ஹானி ஊருக்குப் போனார். தேவராசா கனடாவில் மகனிடம். பரமசிவன் சாரத்திலிருந்து இறங்கி, குசைஸில் ஒரு மலையாளியோடு கூட்டுச் சேர்ந்து மெஸ் நடத்துகிறான். மாடசாமிதான் கல்லாவில்.

போன வாரம் எனக்கு வாட்ஸப்பில் ஓர் அழைப்பு வந்தது. இங்குள்ள தமிழ்ச் சங்கம் ஒன்று, பண்டைய நாகரிகத்தை வளைகுடாத் தமிழருக்கு எடுத்துச் சொன்ன சேவைக்காக, மௌரியருக்கு 'வரலாற்றுச் செம்மல்' என்று ஒரு பட்டம் வழங்குகிறது. அழைப்பில் இருந்த படத்தில் அவருக்கு வழுக்கை விழுந்திருக்கிறது, கழுத்துப் பொத்தான் மட்டும் அப்படியே. படத்தின் அடியில், மதிய உணவு உண்டு என்று போட்டிருந்தது.

போகிற எண்ணம் இல்லாமல் இருந்தேன். மறுநாள் பரமசிவன் போன் செய்தான்.

"அண்ணாச்சி, வார ஞாயித்துக்கெழம சங்கத்துல ஒரு சாப்பாட்டு ஆர்டர் வந்திருக்கு. யாருக்குன்னு தெரியுமா?"

"தெரியும். நீ எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துட்டேன். மேடையில இருக்காவளுக்கு மட்டும் நானே சமைச்சுக் குடுத்து விடுதேன்னு சொல்லிருக்கேன். சாம்பாரு, ரசம், வத்தக்கொழம்பு. கவிச்சி கெடையாது."

"அவருக்குத் தெரியுமா?"

"எங்க தெரியும்? மெஸ்ஸு அந்த மலையாளத்து ஆளு பேருல இருக்கு."

"நான் சொல்லட்டுமா?"

பின்னால் பாத்திரம் கழுவும் சத்தமும், மாடசாமி யாரையோ "ஜல்தி பாய்" என்று விரட்டும் சத்தமும் கேட்டன.

"சொல்லுங்க அண்ணாச்சி. ஆனா இப்பம் வேண்டாம். இப்பம் சொன்னா சாப்பிட வரவே மாட்டாரு. சாப்பிட்டு முடிக்கட்டும். கை கழுவட்டும். ரசம் எப்பிடின்னு மொதல்ல கேளுங்க. ரத்தத்துல வரணும்னு அவரு வாயாலயே சொல்லட்டும். பொறவு சொல்லுங்க."

வருகிறேன் என்று சங்கத்துக்குப் பதில் அனுப்பிவிட்டேன். சாப்பாட்டுப் பந்தியில் அவருக்கு நேர் எதிரே எனக்கு ஓர் இடம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன்.